கப்பலுக்குப் போகும் பிள்ளைக்கு முதல் பாடங்கள்



சில வாரங்களுக்கு முன் ஒரு தாயார் எனக்குத் தொலைபேசி எடுத்தார். "தம்பி கப்பலுக்குப் போகப் போறன் எண்டு ஒற்றைக் காலில நிக்கிறான். படிச்சு நல்ல ஒரு வேலை எடுப்பான் எண்டுதான் இவ்வளவு கஷ்டப்பட்டு இஞ்ச கொண்டு வந்தனாங்கள். கடல் எங்களிட்ட எடுத்தது போதாதோ? நீங்கள் கப்பலில இருந்தனீங்கள்தானே, ஒருக்கா எடுத்துச் சொல்லுங்கோ" என்றார்.

அவருடைய பயம் எனக்கு விளங்குகிறது. எங்களில் பல குடும்பங்களுக்குக் கடல் என்றால் இரவில் ஏறிய படகும் திரும்பி வராத ஆட்களும்தான் நினைவு. ஆனாலும் நானும் வடமராட்சிக் கரையில் வளர்ந்து, சரக்குக் கப்பல்களில் பல வருடம் வேலை செய்து சாப்பிட்டவன். "போகாதே" என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போவதென்றால் எதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பதைச் சொல்கிறேன். தாய் தகப்பனும் கூட இருந்து கேளுங்கள்.

முதலில் ஒன்று. கப்பல் வேலைக்குத் துணிச்சல்தான் முக்கியம் என்று பலர் நினைக்கிறார்கள். நான் கண்ட அளவில் துணிச்சற்காரர்தான் முதலில் அடிபடுகிறவர்கள். கவனமும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கமும் உள்ளவர்களே வேலை முடிந்து முழுதாய் வீட்டுக்கு வருகிறார்கள். இனிச் சொல்லப் போகும் எல்லாமே அந்தப் பழக்கங்கள்தான்.

மணி சொல்லும் பாடம்

வெலிங்டன் நகரிலுள்ள தே பாப்பா அருங்காட்சியகத்தில் ஒரு வெண்கல மணி இருப்பது நேயர்கள் பலருக்குத் தெரியும். 1836ஆம் ஆண்டளவில் வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் அதை ஃபாங்கரேய் பக்கத்தில் கண்டார். மாவோரிப் பெண்கள் அதை அடுப்பில் வைத்து உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஓர் இரும்புப் பானையைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார். அதில் பொறித்திருந்தது தமிழ் எழுத்து என்று பின்னர் தெரிய வந்தது. மொகைதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி என்பதே அதன் பொருள். அது எப்படி இங்கே வந்தது என்பதை இன்றுவரை ஒருவரும் நிரூபிக்கவில்லை.

ஒரு கப்பலுக்கு மணி எதற்கு? முதலாவது, காவல் மாறுவதற்கு. கப்பலில் நாளை நாலு நாலு மணித்தியாலமாகப் பிரித்துக் காவல் நிற்பார்கள். அரை மணிக்கு ஒரு தடவை மணி அடிக்கும். பன்னிரண்டரைக்கு ஓர் அடி, ஒரு மணிக்கு இரண்டு அடி என்று கூடிக்கொண்டு போய், நாலு மணிக்கு எட்டு அடி. எட்டடி கேட்டால் அடுத்த ஆள் வந்து நிற்க வேண்டும். இன்று எல்லோரிடமும் மணிக்கூடு இருப்பதால் சரக்குக் கப்பல்களில் நேரத்துக்கு மணி அடிப்பது மிகக் குறைவு. ஆனால் பன்னிரண்டு முதல் நாலு, நாலு முதல் எட்டு, எட்டு முதல் பன்னிரண்டு என்ற காவல் முறை பல கப்பல்களில் அப்படியே இருக்கிறது.

இதில் புது ஆளுக்கான பாடம் இதுதான்: எட்டடிக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முந்தியே மேலே போய்விடுங்கள். இரவில் வெளிச்சமான அறையிலிருந்து வருகிற கண்ணுக்கு இருட்டுப் பழக நேரம் வேண்டும். கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே ஏறினால் பழகிய கண்ணும் கெட்டுவிடும். அதேபோல மாற்று ஆள் வந்து பொறுப்பெடுக்கும் வரை உங்கள் இடத்தை விட்டு அசையக் கூடாது. வந்தவர் குடித்திருந்தால், அல்லது சுகமில்லாமல் இருந்தால், அவரிடம் விட்டுவிட்டுப் போகாமல் அதிகாரியிடம் சொல்லுங்கள். அது கோள் சொல்வதாகாது.

இரண்டாவது, மூடுபனிக்கு. பனிமூட்டத்தில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல் நிமிடத்துக்கு ஒரு தடவை, ஐந்து செக்கன் அளவுக்கு மணியை விடாமல் அடிக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கப்பல் இரண்டு நிமிடத்துக்குள் ஒரு தடவை நீளமாக ஊத வேண்டும். 20 மீற்றருக்கு மேற்பட்ட கப்பல் எதிலும் மணி இருக்க வேண்டும் என்பது இன்றும் சர்வதேச விதி. ராடர் இருந்தாலும் காது தேவை.

கண்ணால் வாசிக்கும் விளக்குகள்

எல்லாக் கப்பலுக்கும் இடது பக்கம் சிவப்பு விளக்கு, வலது பக்கம் பச்சை விளக்கு. முன்னுக்குப் பார்த்து நிற்கும்போது இடது பக்கத்துக்குப் 'போர்ட்' என்றும் வலது பக்கத்துக்கு 'ஸ்டார்போர்ட்' என்றும் பெயர்.

இதை வீட்டிலிருந்தே படிக்கலாம். ஒரு நாள் பின்னேரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டெவன்போர்ட் நோர்த் ஹெட் குன்றுப் பக்கம் போங்கள். ரங்கிட்டோட்டோக் கால்வாயால் கப்பல்கள் வந்து போகும். இருட்டத் தொடங்கியதும் விளக்கைப் பாருங்கள். சிவப்பு மட்டும் தெரிந்தால் அந்தக் கப்பல் உங்கள் இடது கைப் பக்கமாகப் போகிறது. பச்சை மட்டும் தெரிந்தால் வலது கைப் பக்கமாகப் போகிறது. சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால் அது நேரே உங்களை நோக்கி வருகிறது. கடலில் நிற்கிறவனுக்கு அதுதான் அவசரமான செய்தி.

இன்னொரு பயிற்சி. தூரத்துக் கப்பலை ஒரு கம்பத்தோடு சேர்த்துப் பாருங்கள். கப்பல் கிட்ட வர வர அந்தக் கம்பத்தை விட்டு முன்னுக்கோ பின்னுக்கோ விலகினால் அது உங்களுக்கு முன்னாலோ பின்னாலோ கடந்து போகும். விலகாமல் அதே கோட்டில் நின்று பெரிதாகிக்கொண்டே வந்தால் மோதும். ஓடும் கப்பலில் நின்றாலும் இதே கணக்குத்தான். காவலில் நிற்கிற பையன் இதைக் கண்டால் உடனே சொல்ல வேண்டும். "அதிகாரி கண்டிருப்பார்தானே" என்று பேசாமல் இருக்கக் கூடாது. கண்டிருந்தால் "கண்டேன்" என்பார். அதில் ஒருவருக்கும் நட்டமில்லை.

காவலின் அருமைக்கு இந்த நாட்டிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 2011 ஒக்டோபர் 5ஆம் திகதி அதிகாலை 2 மணி 14 நிமிடம். நேப்பியரிலிருந்து தவுரங்காவுக்கு வந்த 'ரெனா' என்ற கொள்கலன் கப்பல் முழு வேகத்தில் அஸ்ட்ரோலேப் பாறைத்திட்டில் ஏறியது. குறித்த நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்று வழியைக் குறுக்கினார்கள். நிற்கும் இடத்தைச் சரிவரக் குறித்துப் பார்க்கவில்லை. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் எண்ணெய் கசிந்து கரையெல்லாம் கறுத்தது. கடற்பறவைகள் செத்தன. கப்பல் உடைந்து போனது. தலைவரும் வழிகாட்டும் அதிகாரியும் மறியலுக்குப் போனார்கள். நவீன கருவிகள் எல்லாம் இருந்த கப்பல்தான் அது.

தலையாட்டக் கூடாது

எங்கள் பிள்ளைகளுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பெரியவர் ஒன்று சொன்னால் விளங்கினாலும் விளங்காவிட்டாலும் தலையாட்டுவது எங்கள் வழக்கம். வீட்டில் அது மரியாதை. கப்பலில் அது ஆபத்து.

சுக்கான் பிடிக்கிறவரிடம் "போர்ட் பத்து" என்று அதிகாரி சொன்னால், அவர் அதே சொல்லைத் திருப்பிச் சொல்லிவிட்டுத் திருப்ப வேண்டும். சுக்கான் பத்துப் பாகைக்கு வந்ததும் மறுபடி சொல்ல வேண்டும். ஒரே கப்பலில் பிலிப்பைன்ஸ்காரர், உக்ரேன்காரர், இந்தியர் என்று நாலு நாட்டவர் நாலு விதமாக ஆங்கிலம் பேசுவார்கள். திருப்பிச் சொன்னால்தான் பிழை பிடிபடும். விளங்கவில்லையென்றால் "சேர், திருப்பிச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். ஒரு தடவை ஏச்சு வாங்கினாலும் பரவாயில்லை.

கைக்கு நாலு முடிச்சு

முடிச்சுப் பழக ஒன்றரை மீற்றர் கயிறும் ஒரு கதிரைக் காலும் போதும். முதலில் நாலு முடிச்சைச் சுத்தமாகப் படியுங்கள்.

ஒன்று, 'பௌலைன்'. இறுகாத, வழுக்காத வளையம் போடுவதற்கு. பாரம் தாங்கும் நீளப் பக்கத்தில் ஒரு சின்ன வளையம் எடுங்கள். நுனிப் பக்கம் மேலே கிடக்கட்டும். நுனியை அந்த வளையத்துக்குள் கீழிருந்து மேலே எடுத்து, நீளக் கயிற்றுக்குப் பின்னால் ஒரு சுற்றுச் சுற்றி, வந்த வழியே வளையத்துக்குள் கீழே இறக்கி இழுங்கள். எவ்வளவு பாரம் தொங்கினாலும் பிறகு கையால் அவிழ்க்கலாம். பாரமில்லாமல் ஆடிக்கொண்டிருந்தால் மட்டும் தளரக்கூடும், அதனால் நுனியை நீளமாக விடுங்கள்.

இரண்டு, எட்டு முடிச்சு. கயிற்றின் நுனி ஒரு துவாரத்தால் உருவிப் போகாமல் தடுப்பதற்கு. மூன்று, கம்பத்தில் இரண்டு சுற்றுப் போட்டு நுனியை இடையில் செருகும் 'குளோவ் ஹிச்'. கெதியில் கட்டலாம், ஆனால் அதை மட்டும் நம்பிப் பாரத்தை விட்டுவிட்டுப் போகக் கூடாது. நாலு, முழுச் சுற்றுச் சுற்றி இரண்டு அரைமுடிச்சுப் போடுவது. ஊரில் கட்டையில் மாடு கட்டியவர்களுக்கு இது புதிதல்ல. தாத்தாமாரைக் கேட்டால் காட்டித் தருவார்கள்.

கண்ணை மூடிக்கொண்டு போட வரும் வரை பழகுங்கள். மழையும் இருட்டும் ஆட்டமும் உள்ள நேரத்தில்தான் முடிச்சுத் தேவைப்படும்.

எங்கே நிற்பது?

கரையில் கட்டும் நேரம்தான் புது ஆட்களுக்குப் பெரிய கண்டம். கப்பலைக் கரையோடு பிடிக்கும் வடம் இழுபட்டு நீளும். அறுந்தால் நீண்ட அவ்வளவும் சவுக்குப் போலத் திரும்பி வரும். ஒதுங்க நேரம் கிடையாது. கால் போகும், உயிரும் போகும்.

கிடக்கிற கயிற்றின் வளைவுக்குள் கால் வைக்கக் கூடாது. இறுகி நிற்கும் வடத்தைக் கடக்கவோ அதற்கு நேரே நிற்கவோ கூடாது. முன்பு சில கப்பல்களில் தளத்தில் மஞ்சள் கோடு கீறி "இதற்குள் ஆபத்து" என்று காட்டினார்கள். வடம் எந்தப் பக்கம் அடிக்கும் என்று அப்படிக் கோடு போட்டுச் சொல்ல முடியாது. முழுத் தளமும் ஆபத்தான இடம் என்றே எண்ணி, வேலையில்லாத நேரம் அங்கே நிற்காதீர்கள். படம் எடுக்கிற இடமும் அதுவல்ல.

ஏணியில் ஏறும்போது இரண்டு கை ஒரு கால், அல்லது இரண்டு கால் ஒரு கை என்று எப்போதும் மூன்று பிடி இருக்க வேண்டும். கையில் சாமான் இருந்தால் அதைக் கயிற்றில் கட்டி மேலே எடுங்கள்.

பாழ்கிணறு

ஊரில் பாழ்கிணறு இறைக்க இறங்க முன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். அணைந்தால் இறங்க மாட்டார்கள். பாராமல் இறங்கியவர் மயங்கி விழ, தூக்கப் போன தம்பியும் அங்கேயே விழுந்த கதைகள் ஊரில் உண்டு.

கப்பலின் சரக்கறை, தொட்டி, சங்கிலி கிடக்கும் அறை எல்லாம் அதே பாழ்கிணறுதான். இந்த நாட்டிலிருந்து தவுரங்கா, மார்ஸ்டன் பொயின்ற் துறைமுகங்களால் மரக்குற்றி ஏற்றிப் போகும் கப்பல்கள் அதிகம். மூடிய அறைக்குள் கிடக்கும் பச்சை மரம் காற்றிலுள்ள ஒட்சிசனைக் குடித்துவிடும். இரும்பு துருப்பிடித்தாலும் ஒட்சிசன் குறையும். நல்ல காற்றில் ஒட்சிசன் 21 வீதம் அளவில் இருக்கும். அது குறைந்தால் மணமும் வராது, மூச்சும் முட்டாது. சில மூச்சிலேயே ஆள் சரிந்துவிடுவார்.

கப்பலில் விளக்கு இறக்கக் கூடாது, எரிவாயு இருந்தால் வெடிக்கும். அளக்கும் கருவி இருக்கிறது. காற்றோட்டம் விட்டு, கருவியால் அளந்து, எழுத்தில் அனுமதி எழுதி, வாசலில் ஓர் ஆளை நிறுத்தி, பிறகுதான் உள்ளே போவது. இவை இல்லாமல் "ஓடிப் போய் எடுத்துக்கொண்டு வா" என்று யார் சொன்னாலும் போகாதீர்கள். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால் நீங்களும் குதிக்காதீர்கள். அபாய ஒலி எழுப்புங்கள். மூச்சுக் கருவி போட்டவர்கள்தான் இறங்க வேண்டும். கேட்கக் கொடூரமாகத்தான் இருக்கும். ஆனால் தூக்கப் போனவரே இரண்டாவது பிணமாக வந்த கப்பல்கள் பல.

ஏழு குறுக்கு, ஒரு நீட்டு

கப்பலில் ஏறிய அன்றே படுக்கையைத் தேடுவதற்கு முன் மூன்றைத் தேடுங்கள்: உங்கள் உயிர்காப்பு அங்கி, உங்களுக்குக் குறித்த உயிர்காப்புப் படகு, அறையிலிருந்து வெளியே போகும் இரண்டு வழிகள். ஊதலும் மணியும் ஏழு தடவை குறுக்காகவும் ஒரு தடவை நீளமாகவும் ஒலித்தால் பொது அபாயம். அங்கியோடு குறித்த இடத்துக்குப் போக வேண்டும்.

ஒருவர் கடலில் விழுந்தால் பெரிதாகக் கத்துங்கள். மிதவை வளையத்தை எறியுங்கள். பிறகு கையை நீட்டி ஆளைக் காட்டிக்கொண்டே நில்லுங்கள். கண்ணை எடுக்காதீர்கள். அலைக்குள் ஒரு தலையைத் தவற விட்டால் மறுபடி கண்டுபிடிப்பது கடினம்.

நீங்களே விழுந்தால், இங்குள்ள கடல் எங்கள் ஊர்க் கடல் மாதிரி வெதுவெதுப்பானதல்ல. குளிர் அடித்ததும் மூச்சு வாங்கும், வாய் திறக்கும், தண்ணீர் உள்ளே போகும். நீந்த அவசரப்படாமல் முதலில் மிதந்து மூச்சைப் பிடித்து நிறுத்துங்கள். பிறகு முழங்காலை மடித்து நெஞ்சோடு சேர்த்துச் சூட்டைக் காப்பாற்றுங்கள். வள்ளம் வைத்து மீன் பிடிக்கப் போகும் எங்கள் ஆட்களுக்கும் இது பொருந்தும். அங்கியை இருக்கைக்குக் கீழே வைத்தால் பயனில்லை, போட்டிருக்க வேண்டும்.

கடதாசியும் காசும்

வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி அம்மாள்' என்ற பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்கினார். எங்கள் மாலுமிகளே அதை ஓட்டிக்கொண்டு போய், 1938இல் மசாச்சுசெட்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். அவர்களுக்குக் கடலே பாடசாலை. இன்று திறமை மட்டும் போதாது, சான்றிதழும் வேண்டும்.

கடலில் உயிர் தப்புதல், தீயணைப்பு, முதலுதவி, கப்பலில் பாதுகாப்பும் பொறுப்பும் என்ற நாலு அடிப்படைப் பயிற்சியும், கப்பற் காவல் பற்றிய அறிவூட்டலும் சர்வதேச விதிப்படி தேவை. வைத்தியச் சான்றிதழும் வேண்டும். ஒக்லாந்திலேயே நியூசிலாந்துக் கடல்சார் பாடசாலை இருக்கிறது. எந்தச் சான்றிதழ் எந்த வேலைக்கு என்பதை மரிரைம் நியூசிலாந்து என்ற அரச அமைப்பிடம் நேரே கேட்டு அறியுங்கள்.

பெற்றோர் இதைக் கவனமாகக் கேளுங்கள். கடற்தொழிலாளர் உடன்படிக்கையின்படி, வேலை எடுத்துத் தருவதற்காக மாலுமியிடம் முகவர் காசு வாங்கக் கூடாது. கடவுச்சீட்டு, மாலுமிப் புத்தகம், வைத்தியச் சான்றிதழ் ஆகியவற்றின் செலவு மட்டும்தான் உங்களுடையது. "இவ்வளவு ஆயிரம் டொலர் தந்தால் கப்பலில் ஏற்றிவிடுகிறேன்" என்று ஒருவர் சொன்னால் கதவைச் சாத்துங்கள். காசு கட்டி ஆபத்தான பயணம் போன அனுபவம் எங்களுக்கு ஏற்கெனவே போதும். ஒப்பந்தத்தை வாசித்து, பிரதி ஒன்றை வீட்டில் வைத்துவிட்டுத்தான் பிள்ளை புறப்பட வேண்டும். 24 மணித்தியாலத்தில் குறைந்தது 10 மணித்தியாலம், ஏழு நாளில் 77 மணித்தியாலம் ஓய்வு என்பதும் சட்டம்.

அந்தத் தாயாருக்கு

"கடல் எடுத்தது போதாதோ" என்று கேட்டீர்கள், அம்மா. அதற்கு நான் ஒரு பதிலும் சொல்ல முடியாது. இரண்டு விசயங்களை மட்டும் நினைவுபடுத்துகிறேன்.

1986 ஓகஸ்ட் 11ஆம் திகதி கனடாவின் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால், பனிமூட்டத்துக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் தத்தளித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கண்டு காப்பாற்றியவர்கள் தொழிலுக்குப் போன மீனவர்கள். 2001 ஓகஸ்ட் 26ஆம் திகதி இந்து சமுத்திரத்தில் மூழ்கிக்கொண்டிருந்த படகிலிருந்து 400க்கும் மேற்பட்ட அகதிகளை ஏற்றியது 'ரம்பா' என்ற நோர்வே நாட்டுச் சரக்குக் கப்பல். அவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை நியூசிலாந்து ஏற்று, இங்கே மாங்கரே அகதிகள் நிலையத்துக்குக் கொண்டு வந்தது.

கடலில் ஆபத்திலிருப்பவரைக் காப்பாற்றுவது ஒவ்வொரு கப்பல் தலைவருக்கும் சட்டப்படி கடமை. ஆனால் சட்டம் கண் விழித்திருக்காது. காவலில் நிற்கும் ஓர் ஆள் விழித்திருந்தால்தான் தூரத்தில் ஒரு படகு கண்ணில் படும். உங்கள் மகன் கற்றுக்கொண்டு போனால், ஒரு நாள் இரவு அந்த ஆள் அவனாக இருக்கலாம்.

போக விடுவதும் விடாததும் உங்கள் வீட்டு முடிவு. விட்டால், ஒன்றரை மீற்றர் கயிறு வாங்கிக் கொடுத்து இன்றைக்கே தொடங்கச் சொல்லுங்கள். நான்கு முடிச்சும் கண் மூடிப் போட வந்ததும் என்னிடம் அனுப்பி வையுங்கள். மிச்சத்தைக் கடற்கரையில் இருந்து கதைப்போம்.